நல்லாசிரியர் விருதுக்கு முதல்முறையாக விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு

ஜூன் மாதம் பள்ளி திறந்து, பாடநூலும் நோட்டும் சீருடையும் கொடுத்து முடித்து, எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் இணையத் தகவல் தளம்) சேர்க்கை விவரம் ஏற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் நல்லாசிரியர் விருதுக்கான செயல்முறைகள், அதாவது துறையின் சுற்றறிக்கை, ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேரும். கடைசித் தேதி பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும். அந்தச் சில நாள்களுக்குள் பத்து, பதினைந்து ஆண்டு உழைப்பைத் தாளில் கொண்டுவர வேண்டும். ஏற்கெனவே கோப்பு வைத்திருப்பவர் எடுத்துக் கொடுத்துவிடுவார். மற்றவர்கள் "சரி, அடுத்த வருசம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுவார்கள். அப்படி விடுபவர்களில் உண்மையிலேயே தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கூச்சத்தைப் பற்றிப் பேசிவிடலாம். "நாமே நமக்கு விருது கேட்டு எழுதுவதா?" என்று பல நல்ல ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பையும் இழுத்துப் பிடித்து நடத்தும் ஆசிரியை என்ன செய்கிறார் என்பது அந்த ஊருக்குத் தெரியும். மாவட்டத் தலைநகரில் உட்கார்ந்திருக்கும் குழுவுக்கு எப்படித் தெரியும்? விதியே விண்ணப்பம் கேட்கிறது. கேட்டதைக் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விண்ணப்பிக்காமல் ஒதுங்குவதால் நம் பள்ளியில் நடந்த நல்ல வேலை பக்கத்து ஒன்றியத்துக்குக்கூடத் தெரியாமல் போகிறது. அந்த நஷ்டம் நமக்கு மட்டுமில்லை.

எந்த விருது, யாருக்கு

தமிழ்நாட்டில் 'நல்லாசிரியர் விருது' என்று எல்லோரும் சொல்வது மாநில அரசின் டாக்டர் இராதாகிருஷ்ணன் விருதைத்தான். திருத்தணியில் 1888 செப்டம்பர் 5 அன்று பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் பெயரில், 1962 முதல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்படும் அதே நாளை ஒட்டி வழங்குகிறார்கள். ரூ.10,000 ரொக்கம், ரூ.2,500 மதிப்புள்ள வெள்ளிப் பதக்கம், பாராட்டுச் சான்றிதழ். அண்மை ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் 380-ஐ ஒட்டிய எண்ணிக்கையில் ஆசிரியர்கள் இதைப் பெற்றுவருகிறார்கள். தொடக்க, நடுநிலை, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்கள், அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியர்கள், ஆதி திராவிடர் நலப் பள்ளி ஆசிரியர்கள், ஓரளவு மெட்ரிக் பள்ளி ஆசிரியர்கள், டயட் எனப்படும் மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவன விரிவுரையாளர்கள் என்று பல பிரிவுகள் உண்டு. நீங்கள் எந்தப் பிரிவில் வருகிறீர்கள் என்பதைச் செயல்முறைகளின் இணைப்பில் முதலில் பாருங்கள். போட்டி அந்தப் பிரிவுக்குள்தான்.

இரண்டாவது, மத்திய கல்வி அமைச்சகத்தின் தேசிய நல்லாசிரியர் விருது. 1958-இல் தொடங்கியது. ரூ.50,000, வெள்ளிப் பதக்கம், சான்றிதழ். டெல்லியில் குடியரசுத் தலைவர் கையால் கிடைக்கும். முன்பெல்லாம் நாடு முழுவதும் 300-க்கு மேற்பட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். 2018-இல் முறையை மாற்றி, ஆசிரியர்கள் தாங்களே இணையத்தில் விண்ணப்பிக்கலாம் என்று ஆக்கினார்கள். எண்ணிக்கையையும் ஐம்பதை ஒட்டிச் சுருக்கிவிட்டார்கள். கடினம்தான். ஆனால் யாருடைய பரிந்துரைக்கும் காத்திருக்காமல் ஒரு கிராமத்து இடைநிலை ஆசிரியர் நேராக நுழையக்கூடிய கதவு இது.

இவற்றைத் தவிர, கணினி சார்ந்த கற்பித்தலில் நல்ல வேலை செய்தவர்களுக்கு மத்திய கல்வி அமைச்சகத்தின் தேசிய ஐசிடி (தகவல் தொடர்புத் தொழில்நுட்ப) விருது இருக்கிறது. மாநிலத்தில் 'கனவு ஆசிரியர்' என்று ஒரு தேர்வு நடந்தது. பல கட்டமாக நடந்த அதில் மேலே வந்த ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பள்ளிக் கல்வித் துறை 2024 அக்டோபரில் பிரான்சுக்கு அழைத்துப்போனது. தலைமை ஆசிரியர்களுக்கான விருதைப் பிறகு சொல்கிறேன். முதல்முறை எழுதுபவர் மாநில நல்லாசிரியர் விருதில் தொடங்குவதே சரி என்பது என் கருத்து. அந்தக் கோப்பு தயாராகிவிட்டால் மற்றதற்கெல்லாம் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

படி 1: தகுதியைச் சரிபாருங்கள்

நன்றாக எழுதிய விண்ணப்பங்களே தகுதிச் சரிபார்ப்பில் விழுந்துவிடுவதுண்டு. அதனால் எழுதத் தொடங்கும் முன்பே செயல்முறைகளை வரிவரியாகப் படியுங்கள். போன வருடத்துப் பிரதியை நம்ப வேண்டாம். சிறு மாற்றங்கள் ஆண்டுதோறும் வரும்.

பொதுவாகக் கேட்பவை இவை. வகுப்பறையில் கற்பித்தல் பணியில் இருக்க வேண்டும். அலுவலகத்தில் நிர்வாகப் பணி பார்க்கும் ஆசிரியர்களைப் பரிந்துரைக்கக் கூடாது என்று தெளிவாகவே சொல்வார்கள். ஒழுங்கு நடவடிக்கையோ குற்றவியல் வழக்கோ நிலுவையில் இருக்கக் கூடாது. ஒழுங்கு விதிகளின்படி 17(அ), 17(ஆ) குற்றச்சாட்டுக் குறிப்பாணை ஏதேனும் எப்போதாவது வந்திருந்தால், அது எப்படி முடிந்தது என்பதற்கான ஆணை கையில் இருக்கட்டும். முடிந்துபோன விஷயத்துக்குத் தாள் இல்லாவிட்டால் அது முடியாத விஷயமாகவே பார்க்கப்படும். அரசியல் கட்சித் தொடர்பு இருக்கக் கூடாது. கல்வியை வணிகமாக நடத்துபவராக இருக்கக் கூடாது.

தனிப்பயிற்சி பற்றிக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும். காசு வாங்கி டியூஷன் எடுப்பவருக்கு இந்த விருது கிடையாது. 2009-ஆம் ஆண்டு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவே ஆசிரியர்கள் தனிப்பயிற்சி நடத்தக் கூடாது என்கிறது. மாலையில் பள்ளியிலேயே பிள்ளைகளை உட்காரவைத்து இலவசமாகச் சொல்லிக் கொடுப்பது வேறு. அதைத் தாராளமாக எழுதலாம், எழுதவும் வேண்டும். வீட்டுத் திண்ணையில் ஊர்ப் பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு எடுத்தால், அது இலவசம்தான் என்று பள்ளி மேலாண்மைக் குழு அறிந்திருப்பது நல்லது. புகார் எங்கிருந்து வரும் என்று சொல்ல முடியாது.

தேசிய விருதுக்கு முறையான பணியில் குறைந்தது பத்து ஆண்டுகள் வேண்டும். ஒப்பந்த ஆசிரியர்கள் விண்ணப்பிக்க முடியாது. ஓய்வு பெற்றவர்களுக்கும் பொதுவாக இடமில்லை. அந்த ஆண்டு ஏப்ரல் 30 வரையாவது பணியில் இருந்தவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. கல்வி அதிகாரிகளும் பயிற்சி நிறுவனத்தாரும் அதில் வரமாட்டார்கள்.

படி 2: கோப்பை ஆண்டு முழுவதும் சேருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் பின்பற்றுவதாக இருந்தால் இதைப் பின்பற்றுங்கள். விருதுக் கோப்பு ஜூலையில் தயாராவதில்லை. ஜூனில் தொடங்கி ஏப்ரல் வரை, அவ்வப்போது ஒரு தாளாகச் சேர்வது அது.

ஒரு பெட்டிக் கோப்பு வாங்கி வையுங்கள். கைப்பேசியில் கல்வியாண்டு வாரியாக ஒரு ஃபோல்டர். ஏதாவது நடந்தால் அன்றே படம், அன்றே இரண்டு வரிக் குறிப்பு, தேதி. ஆறு மாதம் கழித்து எந்தக் கண்காட்சி, எந்த வகுப்பு என்று யாருக்கும் நினைவிருக்காது.

எதையெல்லாம் சேர்ப்பது? பணிப்பதிவேட்டின் முதல் பக்கங்களின் நகல், பணிநியமன ஆணை, மாறுதல் ஆணைகள், கல்விச் சான்றுகள் எப்படியும் வேண்டும். இவற்றை எடுக்க அலுவலகத்துக்கு அலைய நேரிடும் என்பதால் கோடை விடுமுறைக்கு முன்பே முடித்துவிடுங்கள். பணியிடைப் பயிற்சிச் சான்றுகள், நீங்களே கருத்தாளராகப் போயிருந்தால் அதற்கான ஆணை, பாடநூல் குழுவிலோ மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கான பாடப்பொருள் தயாரிப்பிலோ பங்கெடுத்திருந்தால் அதற்கான கடிதம் எல்லாம் ஒரு பகுதி.

அடுத்த பகுதிதான் உயிர். பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்பதற்கான சான்று. சேர்க்கை எண்ணிக்கையை ஆண்டு வாரியாக எமிஸிலிருந்து எடுத்து வையுங்கள். இடைநின்ற பிள்ளையைத் திரும்பக் கூட்டி வந்திருந்தால் சேர்க்கைப் பதிவேட்டில் அந்த வரியின் நகல். எட்டாம் வகுப்பு என்எம்எம்எஸ் (தேசிய வருவாய்வழி, திறன்வழி உதவித்தொகை) தேர்வில் உங்கள் மாணவர் வென்றிருந்தால் அரசுத் தேர்வுகள் இயக்ககம் வெளியிட்ட பட்டியலின் அந்தப் பக்கம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு ரூ.12,000 கிடைக்கும் உதவித்தொகை அது. தமிழ்நாட்டுக்கு ஒதுக்கீடு 6,695 பேர். அதில் உங்கள் பள்ளியிலிருந்து ஆண்டுதோறும் ஒருவர், இருவர் வருகிறார்கள் என்றால் அது பெரிய சான்று. நான்கு வரி வர்ணனையைவிட அந்த ஒரு பக்கம் கனமானது. இன்ஸ்பயர் மானக், வானவில் மன்றம் போன்ற அறிவியல் நிகழ்வுகள், கலைத் திருவிழா, விளையாட்டு ஆகியவற்றில் பங்கெடுத்த சான்றுகளும் இங்கேதான். பிள்ளைகள் பெற்ற சான்று வேறு, அதில் உங்கள் பங்கு வேறு. பயிற்சி கொடுத்தது நீங்கள்தான் என்று தலைமை ஆசிரியர் ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டால் போதும்.

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியையின் கோப்பில் ஒரு பக்கம் இருக்கிறது. கோடு போட்ட நோட்டிலிருந்து எடுத்த இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். இரண்டும் ஒரே மாணவன் எழுதியவை. இடப்பக்கம் ஜூன் மாதத்துத் தாள். எழுத்துகள் கோட்டை விட்டு இறங்கி, லகரமும் ளகரமும் மாறி மாறி, மூன்றாம் வரியோடு நின்றுபோயிருக்கும். வலப்பக்கம் பிப்ரவரி. 'எங்கள் ஊர் ஏரி' என்று தலைப்புப் போட்டு, தாள் நிறைய எழுதியிருக்கிறான். ஏரியில் தண்ணீர் வற்றினால் நாரை எங்கே போகும் என்று கடைசியில் ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறான். இரண்டு தாளின் மூலையிலும் சிவப்பு மையில் தேதியும் ஆசிரியையின் சுருக்கொப்பமும். கீழே எந்த விளக்கமும் இல்லை, தேவையும் இல்லை. இப்படி நான்கைந்து பிள்ளைகளின் தாள் உங்களிடம் இருந்தால் தொடக்க வகுப்புகளுக்கான அடிப்படை எழுத்து, கணக்குத் திட்டமான 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் சிறப்பாகச் செயல்பட்டேன் என்று தனியாக எழுத வேண்டியதில்லை. அதனால் நோட்டுகளைப் பழைய பேப்பருக்குப் போடுமுன் புரட்டிப் பாருங்கள்.

மூன்றாவது பகுதி ஊரும் பள்ளியும். சுற்றுச்சுவர், கழிப்பறை, ஸ்மார்ட் போர்டு, நூலக அலமாரி என்று நன்கொடையில் வந்தது எதுவாக இருந்தாலும் யார் கொடுத்தார், எவ்வளவு, எந்தத் தேதியில், எந்தப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது என்ற நான்கும் இருக்க வேண்டும். பணமாக வந்தால் உங்கள் கைக்கு வரவே விடாதீர்கள். 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப்பள்ளி' என்ற அரசின் நன்கொடைத் திட்டம் வழியாகவோ பள்ளி மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்கு வழியாகவோ வரட்டும். குழுவின் தீர்மான நோட்டில் உங்கள் முயற்சி பதிவாகியிருந்தால் அந்தப் பக்கத்தை நகலெடுத்து வையுங்கள். சொந்தச் சம்பளத்தில் பிள்ளைகளுக்குச் செலவழிப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. அதற்கான ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் பட்டியலில் ஒரு வரியாக மட்டும் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

படங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பிள்ளைகள் முகம் தெரியும் படத்தைக் கோப்பில் வைக்கும் முன்பு பெற்றோரிடம் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். குடும்ப வறுமை, நோய், பெற்றோர் பிரிவு, சாதி போன்ற விவரத்தோடு ஒரு பிள்ளையின் பெயரைச் சேர்த்து எழுதவே கூடாது. "தந்தையை இழந்த மாணவி" என்று எழுதினால் போதும். யார் என்று குழுவுக்குத் தெரிய வேண்டியதில்லை. நம் விருதுக்காக ஒரு குழந்தையின் துயரம் கோப்புக் கோப்பாகச் சுற்றக் கூடாது.

படி 3: சாதனைக் குறிப்பை எழுதுவது

இங்கேதான் பெரும்பாலான விண்ணப்பங்கள் ஒரே மாதிரி ஆகிவிடுகின்றன. "மாணவர்களின் நலனில் மிகுந்த அக்கறை கொண்டு, அயராது பாடுபட்டு, அர்ப்பணிப்பு உணர்வோடு பணியாற்றி வருகிறேன்." இதை எல்லோரும் எழுதுகிறார்கள். எழுதுபவர் மனதில் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் படிக்கும் குழுவுக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

அதே விஷயத்தை இப்படி எழுதிப் பாருங்கள். மாதிரிக்காகச் சொல்கிறேன், எண்கள் உங்களுடையவையாக இருக்கட்டும்: "ஜூனில் ஐந்தாம் வகுப்பில் 22 பேர். தமிழ்ப் பாடப் பத்தியைத் திக்காமல் படித்தவர்கள் 7 பேர். தினமும் காலை வழிபாட்டுக்கு முன் இருபது நிமிடம் இருவர் இருவராக உட்கார்ந்து வாசிக்கவைத்தேன். நூலகப் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, மறுநாள் கதையைச் சொல்லவைத்தேன். மார்ச்சில் 19 பேர் திக்காமல் படித்தார்கள். மீதி மூவருக்கும் தனியாகப் பயிற்சி தொடர்கிறது." இருந்த நிலை, செய்த வேலை, வந்த மாற்றம், மிச்சமிருப்பது. இந்த நான்கும் வந்துவிட்டால் அர்ப்பணிப்பு என்று எழுதாமலே தெரிந்துவிடும். மிச்சம் மூவரை மறைக்காமல் எழுதுவதுதான் மற்ற எண்களையும் நம்பவைக்கிறது.

பெரிய தொழில்நுட்பம் இருந்தால்தான் புதுமை என்று நினைக்க வேண்டாம். யூடியூப் சேனல், செயலி, க்யூஆர் கோடு எல்லாம் நல்லவைதான். அதைப் பார்த்து எத்தனை பிள்ளைகள் பின்னம் கற்றுக்கொண்டார்கள் என்பதுதான் கேள்வி. புளியங்கொட்டையிலும் தீக்குச்சியிலும் இடமதிப்பு கற்பித்து, வகுப்பு முழுவதும் கழித்தல் கணக்குப் போடுகிறது என்றால் அது புதுமைதான். செலவு எவ்வளவு, வேறு பள்ளியில் யாராவது அதை எடுத்துச் செய்தார்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் நீங்கள் செய்துகாட்டி, பக்கத்துப் பள்ளி ஆசிரியர் தன் வகுப்பில் பயன்படுத்தினால் அவரிடமிருந்து நான்கு வரிக் கடிதம் வாங்கி வையுங்கள்.

குறிப்பு இரண்டு, மூன்று பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். செய்ததெல்லாம் வர வேண்டும் என்று நாற்பது தலைப்புப் போட்டால் ஒன்றும் மனதில் நிற்காது. உங்களுக்கே முக்கியமாகத் தோன்றும் மூன்று வேலைகளை விரிவாகவும் மற்றதைப் பட்டியலாகவும் கொடுங்கள். அப்புறம், வேறு ஒருவரின் விண்ணப்பத்தை வாங்கிப் பெயர் மாற்றிக் கொடுப்பது எங்கும் நடக்கிறது. ஒரே ஒன்றியத்திலிருந்து ஒரே வாசகத்தோடு இரண்டு கோப்பு மேசைக்கு வந்தால் இரண்டுமே எழாது.

எழுதி முடித்ததும் உங்கள் பள்ளியில் வேலை செய்யும் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். குழுவாகச் செய்ததை நீங்கள் தனியாகச் செய்ததாக எழுதியிருந்தால் அவர்தான் முதலில் கண்டுபிடிப்பார். "நானும் என் சக ஆசிரியரும்" என்று எழுதினால் உங்கள் மதிப்பு குறையாது.

படி 4: விண்ணப்பத்தை அனுப்புவது

அண்மைக் காலமாக மாநில விருதுக்கான விண்ணப்பத்தை எமிஸ் வழியாக ஏற்றுகிறோம். கடைசி நாள் மாலை சர்வர் எப்படி இருக்கும் என்று ஆசிரியர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டு நாள் முன்பே ஏற்றிவிடுங்கள். சான்றுகளைக் கைப்பேசிச் செயலியில் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கும்போது ஒவ்வொன்றுக்கும் பொருள் விளங்கும் பெயர் வையுங்கள். சாய்ந்த படம், விரல் தெரியும் படம், பாதி வெட்டிய முத்திரை இருந்தால் திரும்ப எடுங்கள். பெயரின் முதலெழுத்து, பிறந்த தேதி, பணியேற்ற நாள் மூன்றும் பணிப்பதிவேட்டிலும் எமிஸிலும் விண்ணப்பத்திலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள். இதில் வரும் வேறுபாட்டைச் சரிசெய்ய நாளாகும்.

தாளில் கேட்டால் பக்க எண் போட்டு, முன்னால் ஒரு பொருளடக்கம் வைத்து, உங்களுக்கு ஒரு முழு நகல் எடுத்துக்கொண்டு கொடுங்கள். தொடக்க, நடுநிலைப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலர் வழியாகப் போகும். உயர்நிலை, மேல்நிலை என்றால் தலைமை ஆசிரியர், மாவட்டக் கல்வி அலுவலர். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள்.

தலைமை ஆசிரியரின் பரிந்துரை பற்றி ஒரு வார்த்தை. அவரிடம் நேரில் போய், செய்த வேலைகளின் ஒரு பக்கச் சுருக்கத்தைக் கொடுத்துக் கேளுங்கள். நீங்களே எழுதிக் கொடுத்து அவர் கையெழுத்துப் போடுவது வழக்கமாகிவிட்டது. அவரே எழுதினால் அதன் தரமே வேறு. அவர் பார்த்த ஒரு சம்பவம், உங்கள் வகுப்பில் அவர் கண்ட ஒரு மாற்றம் அதில் வரும்.

படி 5: மாவட்டக் குழுவும் பள்ளிப் பார்வையும்

முதன்மைக் கல்வி அலுவலர் தலைமையில் மாவட்டத் தேர்வுக் குழு விண்ணப்பங்களைப் பரிசீலித்து, தகுதியானவர்களின் பெயரைச் சென்னைக்கு அனுப்பும். மாநிலக் குழு இறுதி செய்யும். நடுவில் யாராவது பள்ளிக்கு வந்து பார்க்கலாம், பிள்ளைகளிடம் பேசலாம். அதற்காக வகுப்பறைக்குத் தோரணம் கட்ட வேண்டாம். எழுதியிருப்பது வகுப்பில் இருக்கிறதா என்பதைத்தான் பார்ப்பார்கள். வாசிப்பு மூலை என்று எழுதியிருந்தால் புத்தகங்கள் கை பட்டுக் கசங்கியிருக்க வேண்டும். நேற்று வாங்கி அடுக்கிய புத்தகம் பார்த்தவுடன் தெரிந்துவிடும். பாடக் குறிப்பேடு, மாணவர் வருகைப் பதிவேடு, மதிப்பெண் பதிவேடு அன்றைய தேதி வரை எழுதப்பட்டிருக்கட்டும்.

ஆளைப் பிடித்தால்தான் விருது என்று ஓர் எண்ணம் ஆசிரியர்கள் நடுவே இருக்கிறது. யாரையும் தேடிப் போகாதீர்கள். பணம், சிபாரிசு என்று யாராவது பேச்செடுத்தால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொண்டு வந்துவிடுங்கள். காசு கொடுத்து வாங்கிய சான்றிதழைச் சுவரில் மாட்டி அதற்குக் கீழே நின்று பிள்ளைகளுக்கு நேர்மை பற்றிப் பாடம் நடத்த முடியாது. அதே காரணத்துக்காகத்தான் தனியார் அமைப்புகள் பதிவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் 'சிறந்த ஆசிரியர்' பட்டங்களையும் கோப்பில் சேர்க்க வேண்டாம் என்கிறேன். அரசு விருதுக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் எதுவும் இல்லை.

தேசிய விருதுக்குக் கூடுதலாக

ஜூன், ஜூலை வாக்கில் மத்திய கல்வி அமைச்சகத்தின் இணையதளம் திறக்கும். உங்கள் விவரத்தை நீங்களே பதிந்து, ஆவணம், படம், ஒலி, காணொளி சேர்த்த தொகுப்பு ஒன்றை ஏற்ற வேண்டும். கொடுத்த தகவலெல்லாம் உண்மை என்று உறுதிமொழியும் கேட்பார்கள். மாவட்டக் குழுவில் மாவட்ட ஆட்சியர் நியமிக்கும் கல்வியாளர் ஒருவரும் இருப்பார். அங்கிருந்து மூன்று பெயர் மாநிலக் குழுவுக்குப் போகும். மாநிலம் தனக்குரிய ஒதுக்கீட்டுக்குள் சிலரை டெல்லிக்கு அனுப்பும். கடைசியாகத் தேசிய நடுவர் குழு.

மதிப்பெண் முறையை அறிந்துகொண்டு தொகுப்பைத் தயாரியுங்கள். பயிற்சி, வெளியீடு, வருகை, பணி மதிப்பீடு போன்றவற்றுக்குக் குறைந்த பங்குதான். புதுமையான கற்பித்தல், பாடம் சார்ந்த மற்ற செயல்பாடுகள், ஊரைப் பள்ளியோடு சேர்த்த வேலை ஆகியவற்றுக்கே பெரும்பங்கு. அதனால் முப்பது பயிற்சிச் சான்றை ஏற்றுவதில் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

காணொளியில் பலரும் பின்னணி இசையும் ட்ரோன் காட்சியும் சேர்க்கிறார்கள். உங்கள் வகுப்பு நடக்கும்போது ஜன்னல் ஓரம் கைப்பேசியை நிறுத்தி எடுத்த ஐந்து நிமிடம் போதும். பிள்ளை தவறாகச் சொல்வதும், நீங்கள் திருத்தாமல் இன்னொரு கேள்வி கேட்பதும், அவளே சரியான விடைக்கு வருவதும் அதில் இருந்தால் அதற்கு மேல் என்ன வேண்டும்? நடுவர் குழுமுன் பேசும் வாய்ப்பு வந்தால் கொடுத்த நிமிடத்துக்குள் முடிக்கக் கடிகாரம் வைத்துப் பழகுங்கள். ஆங்கிலம் சரளமாக வராதே என்று பின்வாங்க வேண்டாம். சின்னச் சின்ன வாக்கியமாகத் தயார்செய்து, படங்களைப் பேசவிடலாம்.

தலைமை ஆசிரியர்களும் மற்றவர்களும்

தலைமை ஆசிரியர்கள் மாநில விருது, தேசிய விருது இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம். அவர்களுக்கென்றே அறிஞர் அண்ணா தலைமைத்துவ விருதும் வந்திருக்கிறது. 2025-இல் 100 தலைமை ஆசிரியர்களுக்கு வழங்கப்பட்ட அதில் ஒவ்வொரு பள்ளியின் வளர்ச்சிக்கும் ரூ.10 லட்சம் கிடைத்தது. பணம் பள்ளிக்குப் போகும் இந்த முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒரு வகுப்பறையோ ஆய்வகமோ நிற்கும். பள்ளி முழுவதற்குமான அங்கீகாரமாகப் பேராசிரியர் அன்பழகன் விருதும் உண்டு. இவற்றுக்குத் தனி ஒருவரின் சாதனையைவிடப் பள்ளியின் ஐந்தாண்டு மாற்றம்தான் முக்கியம்: சேர்க்கை, தேர்ச்சி, வருகை, கட்டடம், கழிப்பறையின் சுத்தம்.

ஆனால் நல்லாசிரியர் விருது கற்பிப்பவர்களுக்கானது. காலை ஆறரைக்கே வந்து கேட்டைத் திறந்து கழிப்பறையைக் கழுவும் தூய்மைப் பணியாளருக்கும், காலை உணவு சமைக்கும் சுயஉதவிக் குழுப் பெண்களுக்கும், சத்துணவு அமைப்பாளருக்கும், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழை ஒரு எழுத்துப் பிழையில்லாமல் எழுதித் தரும் இளநிலை உதவியாளருக்கும் அதில் இடமில்லை. இவர்களில்லாமல் எந்த நல்லாசிரியரும் ஒரு நாள் வகுப்பெடுக்க முடியாது. பள்ளி அளவில் இதை நாமே செய்யலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பாராட்டுத் தீர்மானம் போட்டு, ஆண்டு விழாவில் மேடைக்கு அழைத்து, என்ன செய்தார் என்று விவரமாக வாசித்து, தீர்மானத்தின் நகலைச் சட்டம் போட்டுக் கையில் கொடுங்கள். வெறும் சால்வையோடு முடித்துவிடாதீர்கள். எழுத்தில் பெயர் வந்த தாள் அவர்கள் வீட்டில் பல வருடம் இருக்கும், தற்காலிகப் பணியில் இருப்பவருக்கு நாளை வேறிடத்தில் வேலை கேட்கவும் அது உதவும்.

பட்டியல் வந்த பிறகு

ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் முதல் நாள்களிலோ பெயர்ப்பட்டியல் வெளியாகும். பெயர் இருந்தால் விழாவுக்கு எத்தனை பேரை அழைத்துவரலாம், எப்போது வந்து சேர வேண்டும் என்ற விவரம் மாவட்ட அலுவலகத்திலிருந்து வரும். சான்றிதழின் நகலைக் கொடுத்துப் பணிப்பதிவேட்டில் உடனே பதியச் சொல்லுங்கள். அதை மறந்துவிட்டு ஓய்வு பெறும் நேரத்தில் தேடுபவர்கள் உண்டு.

பெயர் இல்லாவிட்டால் வருத்தமாகத்தான் இருக்கும். பிள்ளைகள் "ஏன் டீச்சர் உங்களுக்குத் தரலை?" என்று கேட்பார்கள். மாவட்டத்துக்கு ஒதுக்கப்படும் இடம் சில, விண்ணப்பம் பல. ஒரு வாரம் போகட்டும். பிறகு கோப்பை எடுத்து, எந்தப் பகுதியில் சான்று மெலிந்திருக்கிறது என்று பாருங்கள். இந்த ஆண்டு பெற்றவர் உங்கள் ஒன்றியத்தில் யாராவது இருந்தால் அவரிடம் கேட்டுக் கோப்பை வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் தயங்காமல் தருவார்கள். காலாண்டுத் தேர்வு விடைத்தாள் திருத்தும்போதே அடுத்த கோப்புக்கான முதல் தாள் கிடைத்துவிடும். ஜூனில் எழுதிய தாளையும் அப்போதே பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.